பேசாத படத்தில் பேசியவர்கள்

நான் சினிமாவிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். நான் சினிமாவில் இருந்ததே பலருக்குத் தெரியாது என்பதால், பாரிசில் எங்கள் தமிழ்க்கடைத் தெருவான லாச்சப்பலில் இந்தச் செய்தி பெரிய பரபரப்பு எதையும் உண்டாக்கவில்லை. எனக்கு ஓய்வூதியம் வருவது ஓர் இத்தாலிய உணவகத்தின் சமையலறையில் மா பிசைந்ததற்கு. படம் எடுத்ததற்குக் கிடைத்தவை பொன்னாடைகள். அவற்றை வெட்டி என் மனைவி தலையணை உறை தைத்துவிட்டாள்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்கள் குறும்படப் பட்டறையில் இரண்டு வார்த்தை பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நன்றி. கமராவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உங்கள் சட்டைப்பைக்குள் இருக்கிற தொலைபேசிக்கு என்னைவிட அதிகம் தெரியும். பின்வரிசையில் இரண்டு பேர் இப்போதே அதனிடம் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கேளுங்கள், பரவாயில்லை. நான் சொல்ல வந்தது வேறு விஷயம். படம் எடுக்கிறவனுக்கு நெருக்கடி வரும்போது அவன் புத்தி எந்தப் பக்கம் ஓடும், அதை எப்படிக் காலரில் பிடித்து இழுத்து வருவது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் எங்கள் சினிமாவின் தீராத வியாதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாரிசில் நாங்கள் ஒரு படத்தை எப்படித் திரையிடுகிறோம் என்று உங்களுக்குத் தெரியும். மண்டபம் எடுப்போம். விளக்கு ஏற்றுவோம். பிரதம விருந்தினர் தான் இன்னும் பார்க்காத படத்தை நெடுநேரம் புகழ்வார். அவர் முடித்ததும் சிறப்பு விருந்தினர் வந்து, அவர் சொன்னதையெல்லாம் வழிமொழிவார். பிறகு பொன்னாடை. பிறகுதான், நேரம் மிஞ்சினால், படம். முடிந்ததும் வாசலில் நின்று கைகுலுக்கி எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "நல்ல முயற்சி." அதன் பொருள், படம் சரியில்லை, ஆனால் உன் மனைவியும் என் மனைவியும் ஒன்றுவிட்ட சகோதரிகள் என்பதுதான். என் காலம் முழுக்க நான் எடுத்த எல்லாப் படங்களுக்கும் எனக்குக் கிடைத்தது அந்த ஒரே விமர்சனம்தான்.

இனி இத்தாலியர் கதைக்கு வருகிறேன்.

நான் வேலை செய்த உணவகத்தின் பட்ரோன், அதாவது முதலாளி, இத்தாலியில் தூரின் பக்கத்து மனிதர். மா பிசைகிற நேரத்தில் தன் ஊர்க் கதை சொல்லாவிட்டால் அவருக்கு மா பொங்காது. அவர் அடிக்கடி சொன்னது சினிமா பிறந்த புதிதில் அங்கே இருந்த ஒரு இயக்குநரைப் பற்றி. அந்த மனிதர் மேடை நடிகராக இருந்தவர். சினிமா என்ற சாமான் வந்தபோது, மரியாதையான நடிகர்கள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காத காலத்தில், துணிந்து போய்ச் சேர்ந்தார். தானே இயக்கினார், தானே நடித்தார். காலையில் ரோமாபுரிச் சக்கரவர்த்தி, மத்தியானம் தொப்பி போட்ட டைரக்டர். அவர் நடிக்கும்போது 'நிறுத்து' என்று சொல்ல ஆள் இல்லை. சொல்ல வேண்டிய ஆள் கமராவுக்கு முன்னால் கிரீடத்தோடு நின்றார். அதனால் கமராக்காரன் பிலிம் தீரும்வரை கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பானாம். ரோமாபுரி எரிகிற காட்சிக்கு அட்டை நகரத்துக்கு உண்மையாகவே நெருப்பு வைத்து, ஸ்டூடியோவின் கூரையையும் எரித்தாராம். அப்போதும் அவர் நடிப்பை நிறுத்தவில்லை.

பிறகு பேசும் படம் வந்தது. அவர் வாயைத் திறந்தார். கிராமத்து உச்சரிப்பு. தியேட்டரில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சக்கரவர்த்தியாக இருந்தவருக்குக் கடைசியில் கிடைத்தது அடுத்தவர் படங்களில் கதவு திறந்துவிடும் வேலைக்காரன் வேடம். வசனமில்லை, எழுத்தோட்டத்தில் பெயருமில்லை.

இந்தக் கதையைக் கேட்டபோதெல்லாம் நான் என்னையே நினைத்துக்கொள்வேன். நானும் இயக்குகிறவன், நடிக்கிறவன். என் அருமையும் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அவருக்கும் எனக்கும் இருந்த ஒரே வித்தியாசம், அவர் முதலில் புகழ்பெற்றிருந்தார்.

நான் அங்கே வேலை செய்த ஒரு வருடம் எங்கள் பக்கத்து மெரி, நகரசபைதான், ஒரு மௌனப்பட விழா அறிவித்தது. குடியிருப்பாளர்கள் எடுத்த குறும்படங்களைப் பியானோ வாசிப்போடு நகரசபை மண்டபத்தில் காட்டுவார்களாம். விழாவின் விருந்தினராகப் படங்களைப் பார்க்க வருகிறவர் ஒரு நாடகக்குழுவை நடத்தும் பிரெஞ்சு அம்மா. எனக்கு வேறென்ன வேண்டும்? அந்த இத்தாலிய இயக்குநரின் வாழ்க்கையைப் படமாக எடுப்பது, அவராக நானே நடிப்பது என்று அன்றே தீர்மானித்தேன். வேறு யாராவது நடிக்கலாமா என்று யோசிக்கவே இல்லை. நீங்களும் யோசிக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும்.

இத்தாலியரின் மனைவியாக நடிக்கச் சுகந்தியைக் கேட்டேன். பக்கத்துத் தெருவான ரூ லூயி-பிளாங்கில் ஒரு பயண முகவர் நிலையத்தில் கொழும்புக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கிற பிள்ளை. யாழ்ப்பாணத்தில் மேடை ஏறினால் மண்டபமே மூச்சை அடக்கிப் பார்க்கும் என்று கேள்வி. இங்கே வந்த பிறகு அவளை ஒரு மேடையிலும் ஏற்றவில்லை. இதே பிரெஞ்சு அம்மாவிடமே ஒருமுறை போயிருக்கிறாள். "முகம் நன்றாக இருக்கிறது, உச்சரிப்பைச் சரிசெய்துகொண்டு வா" என்று அனுப்பிவிட்டாராம். சுகந்தி வகுப்புக்குப் போனாள், பதிவுசெய்து கேட்டாள், கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தாள். நாக்கு பிறந்த ஊரான மானிப்பாயை விட்டு வர மறுத்துவிட்டது.

மௌனப்படம் என்றதும் அவள் கண் விரிந்தது.

"அப்ப நான் கதைக்கத் தேவையில்லை, என்னண்ணை?"

"ஒரு சொல்லும் தேவையில்லை."

"அந்த மனுசி என்ரை முகத்தை மட்டும் பாப்பா."

"ஓம். என்ரை முகத்துக்குப் பிறகு."

இரண்டாவது வசனத்தை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

படப்பிடிப்புக்கு இடம் தந்தவர் குணம் அண்ணை. லாச்சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார், பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் அவருக்கு ஒரு களஞ்சியம் இருக்கிறது. அதுதான் எங்கள் தூரின் ஸ்டூடியோ. எல்லாரும் உணவகத்திலும் கடையிலும் வேலை செய்கிறவர்கள் என்பதால் திங்கட்கிழமைகளில் மட்டும் படப்பிடிப்பு, சுகந்தி வேலை முடித்துப் பின்னேரம் வருவாள். குணம் அண்ணை இரண்டு நிபந்தனை வைத்தார். ஒன்று, அவருக்கும் ஒரு வேடம். இரண்டு, அவருடைய கடைப் பெயர் எங்காவது தெரிய வேண்டும். இத்தாலியர் நடித்த ரோமாபுரிப் படத்தை நாங்கள் படத்துக்குள் படமாகக் காட்டுவதாக இருந்தோம். ஆகவே குணம் அண்ணை ரோமாபுரிச் சபையின் மூப்பர் ஆனார். சபையின் படிக்கட்டுகள் அரிசி மூட்டைகளால் ஆயின, கடைப் பெயர் முன்பக்கம். மூப்பர்கள் எல்லாரும் வேட்டியைத் தோளில் சுற்றினார்கள். அந்த உடையை ரோமர்களைவிட நாங்கள் நன்றாகக் கட்டினோம் என்பது என் அபிப்பிராயம்.

கமரா ரமணன். கலியாணவீடு, பெண் பிள்ளை பெரியவளானதற்குச் செய்கிற சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் அவன்தான். கைராசிக்காரன், ஆனால் ஒரு பழக்கம் அவனை விட்டுப் போகாது. எந்தப் பெண் சட்டகத்துக்குள் வந்தாலும் கமராவை மெல்ல அவள் நகைக்குக் கிட்டக் கொண்டுபோவான். "நகை வடிவாத் தெரியாட்டி பிறகு வீட்டுக்காரர் ஏசுவினம் அண்ணை" என்பான். இது இத்தாலி, வீட்டுக்காரர் யாரும் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் கை தானாகப் போகும்.

முதல் திங்கட்கிழமையே சிக்கல். மூப்பர்கள் பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல நின்றார்கள்.

"வசனம் என்ன?" என்றார் குணம் அண்ணை.

"இது பேசாத படம். வசனம் இல்லை."

"வசனம் இல்லாமல் மனுசன் எப்பிடி நடிக்கிறது? விசர்க் கதை கதைக்கிறீர்."

எங்கள் ஆட்கள் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். வாய் அசைந்தால்தான் அவர்களுக்கு முகம் அசையும். வாயை மூடச் சொன்னால் கண், புருவம், கை எல்லாம் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்கின்றன. இதை இயக்குநர் மூளையோடு அலசி, நான் ஒரு கட்டளை பிறப்பித்தேன்.

"சரி, வாயை அசையுங்கோ. என்ன வேணுமெண்டாலும் கதையுங்கோ. ஒருத்தருக்கும் கேக்காது."

தம்பிமாரே, 'ஒருத்தருக்கும் கேட்காது' என்று எங்கள் ஆட்களிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். அன்று களஞ்சியத்துக்குள் ஒரு சுதந்திர நாடு பிறந்தது. ரோமாபுரிச் சபை அப்படியொரு உணர்ச்சியோடு விவாதித்தது. கைகள் பறந்தன, நரம்புகள் புடைத்தன. எனக்குப் புல்லரித்தது. என்ன கதைக்கிறார்கள் என்று நான் கிட்டப்போய்க் கேட்கவில்லை. நான் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

கடைசித் திங்களன்று மரணக் காட்சி. கைவிடப்பட்ட இத்தாலியர் ஒரு சின்ன அறையில், மனைவியின் மடியில் உயிர்விடுகிறார். நான் செத்தேன். மெல்ல, ஆழமாக, ஒவ்வொரு அவயவமாகச் செத்தேன். நிறுத்தச் சொல்ல வேண்டிய வாயும் செத்துக்கொண்டிருந்ததால் ரமணன் நிறுத்தவில்லை. போகப் போகச் சுகந்தியின் முகத்தில் அப்படியொரு சோகம் திரண்டது. உதடுகள் துடித்து ஏதேதோ முணுமுணுத்தன. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. என் நடிப்பு எப்படி ஒரு மனுசியை உலுக்குகிறது பார் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் செத்தேன்.

விழாவுக்குக் கொடுக்க முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சனத்துக்குப் போட்டுக் காட்டினோம். விளக்கு, பிரதம விருந்தினர், பொன்னாடை, எல்லாம் முறைப்படி நடந்தது. முன்வரிசையில் குணம் அண்ணையும் அவர் மனைவி பவானி அக்காவும் அக்காவின் தம்பியும் இருந்தார்கள்.

பவானி அக்காவுக்குச் சில வருடங்களுக்கு முன் ஒரு காய்ச்சலில் காது முழுதாகப் போய்விட்டது. ஆனாலும் கடையில் காசுப்பெட்டியில் இருப்பது அவர்தான். முகத்தைப் பார்த்துக் கதைத்தால் உதட்டை வாசித்து அச்சொட்டாகப் பதில் சொல்வார். தன் குரல் எவ்வளவு சத்தம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. லாச்சப்பலில் இதை அறியாத ஆள் இல்லை. எங்கள் படக்குழு முழுக்க நாள்தோறும் அவரிடம் கறிவேப்பிலை வாங்குகிறது. ஆனாலும் எங்களில் ஒருத்தருக்கும் அது மூளையில் உறைக்கவில்லை.

படம் தொடங்கியது. ரோமாபுரிச் சபை வந்தது. மண்டபம் வழக்கம்போல் மரியாதையாகச் சலித்துக்கொண்டிருந்தது. திடீரென்று பவானி அக்கா குலுங்கிச் சிரித்தார்.

"என்ன இது, உவர் வேட்டி அவிழப்போகுதெண்டெல்லோ சொல்லுறார்!"

எல்லாரும் திரும்பினார்கள். அக்கா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரையில் குணம் அண்ணை, உணர்ச்சி பொங்க, இன்னொரு மூப்பரின் தோளைப் பிடித்து ஏதோ முழங்கினார். முன்வரிசையிலிருந்து அதற்கு வசனம் வந்தது.

"மனுசியின்ரை தம்பி வந்து வீட்டிலை குந்தியிருக்கிறான்... எப்ப துலையிறானெண்டு தெரியேல்லை... கோயில் கூட்டமெண்டு பொய் சொல்லிப்போட்டு இஞ்சை வந்தனான்." அக்கா நிறுத்தினார். பக்கத்திலிருந்த தம்பியைப் பார்த்தார். மற்றப் பக்கத்திலிருந்த கணவரைப் பார்த்தார். "இஞ்சேருங்கோ, இது நீங்களெல்லே?"

குணம் அண்ணை தன் சப்பாத்தைப் பார்த்தார். மண்டபம் விழித்துக்கொண்டது. அதன் பிறகு பின்வரிசைச் சனம் முன்னுக்கு எழும்பி வந்தது. "அக்கா, அந்த மீசைக்காரன் என்ன சொல்லுறான்?" "அக்கா, இதைச் சொல்லுங்கோ!" என்று கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். பேசாத படத்துக்கு அந்த மனுசி ஒற்றை ஆளாகக் குரல் கொடுத்தார்.

நான் இறந்துகொண்டிருக்கும் காட்சி வந்தது. சுகந்தியின் முகம் திரை நிறைய வந்தது. ரமணனின் கமரா வழக்கம்போல அவள் தோட்டுக்குக் கிட்டப்போயிருந்தது. இத்தாலியரின் மனைவி யாழ்ப்பாணத்துத் தோட்டைக் கழற்ற மறந்திருந்தாள். தோட்டின் பக்கத்தால் ஒரு கண்ணீர்த் துளி இறங்கியது. அக்கா வாசித்தார்.

"சாகிறதெண்டால் செத்துத் துலையுங்கோவன் அண்ணை... கால் விறைச்சுப்போச்சு... கமராவுக்குப் பின்னாலை நிக்கேக்கை தங்கமான மனுசன்... முன்னாலை வந்தாத்தான் பேய் பிடிக்குது... கடவுளே, இன்னும் சாகேல்லையே?"

மண்டபம் இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. பொன்னாடை போர்த்திய பிரதம விருந்தினர் அந்தப் பொன்னாடையாலேயே கண்ணைத் துடைத்தார். அன்று வாசலில் ஒருத்தரும் 'நல்ல முயற்சி' என்று சொல்லவில்லை. "இப்பிடி ஒரு படம் நான் பாத்ததே இல்லை" என்று கட்டிப்பிடித்தார்கள். சுகந்தி பின்கதவால் போய்விட்டாள்.

நெருக்கடி என்பது இதற்குப் பிறகு வந்ததுதான். அந்த வெள்ளிக்கிழமை படத்தை விழாவுக்குக் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரேயொரு திங்கட்கிழமை, அதுவும் மறுநாளே. இரவு முடிவதற்குள் தொலைபேசி சூடாகிவிட்டது. குணம் அண்ணை தன் காட்சியை முழுக்க வெட்டச் சொன்னார். கடைப் பெயரும் சேர்ந்து போகுமே என்றேன். "கடை இருந்தாத்தானே பேர் வேணும்? மனுசி கதைக்கிறாள் இல்லை" என்றார். மற்ற மூப்பர்களும் ஒவ்வொருவராக அழைத்துத் தங்களை வெட்டச் சொன்னார்கள். என் வாழ்நாளில் நடிகர்கள் தங்களை வெட்டச் சொல்லிக் கேட்டது அப்போதுதான். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். ஏனென்றால் நானும் ஒரு முடிவு எடுத்திருந்தேன். சுகந்தியின் முகத்தை வெட்டுவது. என் மரணத்தை அப்படியே வைப்பது.

அதற்கான கலைக் காரணங்கள் என்னிடம் இருந்தன. தோடு காலத்துக்குப் பொருந்தவில்லை. கதை இத்தாலியருடையது, அவர் மனைவியுடையது அல்ல. ஒரு காரணம் மட்டும் நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. அது உங்களுக்கு விளங்கும்.

திங்கள் காலை ரூ லூயி-பிளாங்குக்குப் போனேன். சுகந்தி ஒரு குடும்பத்துக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, எழும்பி வந்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்டாள். ஆனால் அதற்காக அவள் எழும்பி வரவில்லை.

"அண்ணை, உங்களுக்குக் கோபம் வரும், எனக்கு விளங்குது. ஏதெண்டாலும் வெட்டுங்கோ. ஆனா அந்த ஒரு குளோசப்பை மட்டும் விடுங்கோ."

"அதிலைதானே பிள்ளை நீ என்னை ஏசிறாய்."

"பிரெஞ்சுக்காரருக்கு அது விளங்காது. அவை என்ரை முகத்தைத்தான் பாப்பினம்." என்றாள். "இஞ்சை நான் வாயைத் துறந்தால் காணும், பிறகு ஒருத்தரும் முகத்தைப் பாக்கினம் இல்லை. கதைக்காமல் நடிச்சுக் காட்ட எனக்குக் கிடைச்சது இது ஒண்டுதான் அண்ணை. இனிமேல் கிடைக்காது."

"பாப்பம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எங்கள் பாஷையில் 'பாப்பம்' என்றால் 'இல்லை' என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும்.

நேரே ரமணனின் அறைக்குப் போனேன். போகிற வழியில் பட்ரோனையும் கூட்டிப்போனேன், அன்று கடை பூட்டு. இத்தாலிக்காரனுடைய கண்ணுக்கு என் மரணத்தின் அருமை தெரியும் என்ற நம்பிக்கை. ரமணன் கோப்பி போட்டுக் கொடுத்தான். முதலில் நான் சொன்னபடி, சுகந்தி இல்லாமல், நான் மட்டும் சாகிற படத்தை ஓட்டினான். பட்ரோன் கோப்பியைக் குடித்தார். கோப்பை அடியில் இருந்த சீனியைக் கரண்டியால் சுரண்டித் தின்றார். பிறகு, "இவர் எப்போது சாவார்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"மற்றதையும் ஒருக்காப் போடட்டே?" என்றான் ரமணன்.

"எது மற்றது?"

அந்தச் சனியன் ஏற்கெனவே வேறொரு படம் வெட்டி வைத்திருந்தான். அதில் நான் கிட்டத்தட்ட இல்லை. சுகந்தியின் முகம் மட்டும், அந்தத் தோடு, அந்தக் கண்ணீர். அடுத்த கோப்பி பட்ரோனின் கையில் ஆறிப்போனது. அவர் அதை வாய்க்குக் கொண்டுபோகவே இல்லை. முடிந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"எங்கள் இத்தாலியருக்கும் ஒருமுறை பல்வலி வந்தது" என்றார். "கன்னம் பூசணிக்காய்போல வீங்கிவிட்டது. முகம் காட்ட முடியாது. வேறு வழியில்லாமல் அந்த ஒரு படத்தை மட்டும் கமராவுக்குப் பின்னால் நின்றே எடுத்தார். அவர் எடுத்ததில் இன்று ஆவணக்காப்பகத்தில் வைத்துப் பார்க்கிற ஒரே படம் அதுதான்."

எனக்கு ஆத்திரம் வந்தது. "இதை ஏன் முதலே சொல்லவில்லை?"

"நீ கேட்டது கிரீடத்தைப் பற்றி மட்டும்தானே" என்றார்.

சுகந்தியின் முகத்தை இன்னொருமுறை ஓட்டச் சொன்னேன். சுகந்தி அவ்வளவு வெறுப்போடு என்னை ஏசிக்கொண்டிருந்தபோது, அவள் முகம் அப்படியொரு துயரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. வாய் ஒன்று சொல்ல, முகம் வேறொன்றைச் சொல்வதற்குப் பெயர்தான் நடிப்பு. என் வாயும் முகமும் சேர்ந்து ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு வலித்தது. நன்றாக வலித்தது. பல்வலி வந்தவனுக்காவது ஒரு சாட்டு இருந்தது.

"ரமணன், என்னைத் தூக்கு" என்றேன்.

"எவ்வளவு அண்ணை?"

"முழுக்க." பிறகு யோசித்து, "ஒரு கையை விடு" என்றேன்.

அவன் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அன்று பின்னேரமே சுகந்தியை வேலை முடித்து வரச்சொல்லி, களஞ்சியத்தில் கடைசிக் காட்சியைத் திரும்ப எடுத்தோம். நான் நிலத்தில் படுத்து, சட்டகத்துக்குள் என் வலது கையை மட்டும் நீட்டினேன். அவள் அதைப் பிடித்திருந்தாள். கை தளர்ந்து விழுந்தது. நிறுத்து என்று நானே சொன்னேன், சரியான நேரத்தில். அவள் குனிந்து அந்தக் கையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். தோட்டைக் கழற்ற வேண்டாமென்று நான்தான் சொன்னேன். அதை இயக்குநரின் முடிவு என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

விழா நாளன்று நகரசபை மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் சனம் ஒரு வரிசை, முன்னால் பவானி அக்கா. குணம் அண்ணை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைத்தேன். வாய் திறந்தால் பொத்துவதற்காகத்தான் பிடித்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

சபையும் மூப்பர்களும் அரிசி மூட்டைகளும் போனதில் படம் சின்னதாக, துப்புரவாக ஆகியிருந்தது. வெட்கத்தைப்போல நல்ல எடிட்டர் கிடையாது. பியானோக்காரன் மெல்ல வாசித்தான். நான் திரையைப் பார்க்கவில்லை. நாடகக்குழு அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுகந்தியின் முகம் வந்தபோது அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். முன்னுக்குச் சாய்ந்தார். என் கை விழுந்தது. பியானோ நின்றது. மண்டபத்தில் ஒரு சத்தமில்லை.

அந்த அமைதிக்குள் பவானி அக்கா வாய்விட்டுச் சிரித்தார். குணம் அண்ணையின் கை பிந்திவிட்டது.

பிரெஞ்சுச் சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சுகந்தி முகத்தை இரு கையாலும் மூடிக்கொண்டாள். இரண்டாம் முறையும் இந்த மனுசி இந்தப் பிள்ளையைக் கெடுத்துவிட்டாவே என்று நினைத்தேன். என்னைப் பற்றி நினைக்கவில்லை என்பதை இங்கே பெருமையோடு குறிப்பிடுகிறேன்.

விளக்குப் போட்டதும் நாடகக்குழு அம்மா நேரே எங்களிடம் வந்தார். முகத்தில் கடுமை.

"அந்த மதாம் ஏன் சிரித்தார்? அந்த இடத்தில் சிரிக்க என்ன இருக்கிறது?"

என் பிரெஞ்சு சமையலறைப் பிரெஞ்சு, 'சூடு', 'வழி விடு' என்பதற்குமேல் போகாது. கடைசியில் சுகந்திதான் தொடங்கினாள். மானிப்பாய் நாக்கில், இடறி இடறி, முழுக் கதையையும் சொன்னாள். காது கேளாத அக்கா, ரோமாபுரி மூப்பரின் மைத்துனன், சாகவே சாகாத டைரக்டர், எல்லாம். குணம் அண்ணையைப்போல நின்று காட்டினாள். என்னைப்போலச் செத்துக் காட்டினாள், அது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த அம்மா முதலில் புன்னகைத்தார், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உச்சரிப்பென்று ஒன்று இருப்பதையே அவர் மறந்துபோனார்.

"சரி, கடைசியில் அந்தக் கையிடம் என்ன சொன்னாய்?"

சுகந்தி என்னைப் பார்த்தாள். முதலில் பிரெஞ்சில் சொன்னாள். பிறகு, எனக்காகத் தமிழில்.

"இப்பத்தான் அண்ணை நல்லா நடிக்கிறியள்."

அந்த அம்மா சிரித்து முடிய நேரம் எடுத்தது. பிறகு சுகந்தியின் தோளில் கைவைத்து, "திங்கட்கிழமை ஒத்திகைக்கு வா. இப்போது பேசினாயே, அப்படியே பேசு" என்றார். சுகந்தி அந்த இடத்திலேயே அழுதாள். இந்த முறை வாயும் முகமும் ஒன்றையே சொல்லின. நானும் அழுதேன், ரமணன் அதைப் படமெடுத்தான்.

இப்போது அவள் அந்தக் குழுவில் நடிக்கிறாள். பேசுகிற வேடங்கள். போய்ப் பாருங்கள். நான் அதற்குப் பிறகு கமராவுக்கு முன்னால் போகவில்லை. போகத் தோன்றும்போதெல்லாம் கன்னத்தைத் தடவிப் பல்வலி என்று சொல்லிக்கொள்வேன்.

அன்று மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது வாசலில் குணம் அண்ணை நின்றார். பழக்கதோஷம், கையை நீட்டி, என் கையைப் பிடித்து நன்றாகக் குலுக்கினார்.

"நல்ல முயற்சி" என்றார்.

"மெல்லமாக் குலுக்குங்கோ அண்ணை" என்றேன். "நடிச்சது அந்தக் கைதான்."